உள்மூடிக்கு ஒரு கடிகாரம்

விழுப்புரம் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் கைப்பைக்குள் கையை விட்டுத் தைல டப்பாவைத் தொட்டுப் பார்த்தேன். இருந்தது. பாஸ்போர்ட்டைக்கூட இத்தனை முறை தொட்டுப் பார்த்ததில்லை. டப்பாவுக்குள் தைலம் கிடையாது. பருத்தித் துணியில் சுற்றிய ஒரு சின்ன இரும்புத் தகடு இருந்தது. பழைய கைக்கடிகாரம் ஒன்றின் உள்மூடி அது. அதைக் கொடுப்பதற்காகத்தான் மலேசியாவின் ஈப்போவிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருந்தேன்.

காந்தம் தாக்காத கடிகாரம் என்று ஒரு காலத்தில் விற்றார்கள். முகப்பிலேயே சிவப்பு எழுத்தில் அதை அச்சடித்திருப்பார்கள். இயந்திரத்துக்கும் பின்மூடிக்கும் நடுவே இரும்பில் இன்னொரு மூடி இருக்கும். வெளியிலிருந்து வரும் காந்தத்தை அது தன்மேல் வாங்கிக்கொள்ளும். அது இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் மெல்லிய சுருள்கம்பியின் சுற்றுகள் காந்தம் ஏறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, கடிகாரம் தலைதெறிக்க ஓடும்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறையில் வாழ்நாளைக் கழித்தவளுக்கு இந்தக் கடிகாரங்களைச் சேர்க்கும் பைத்தியம் பிடித்ததில் என்ன ஆச்சரியம் என்று கேட்பவர்களிடம் சொல்வேன். வீட்டில் ஓர் அலமாரி நிறைய வைத்திருக்கிறேன். உண்மைக் காரணம் வேறு. என்னிடம் இருக்கும் உள்மூடிக்குப் பொருந்தும் கடிகாரம் கிடைக்குமா என்றுதான் ஒவ்வொன்றாக வாங்கினேன். ஒன்றும் பொருந்தவில்லை. பொருந்தாது என்று எனக்கே தெரியும். பொருந்துகிற கடிகாரம் ஆரோக்கியசாமியின் கையில் இருந்தது.

ஆரோக்கியசாமி எங்கள் மருத்துவமனைக்கு ஒப்பந்தத்தில் வந்த எலெக்ட்ரீஷியன், திண்டிவனத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் பழைய சாமான் சந்தைக்குப் போவோம். அங்கேதான் அந்தக் கடிகாரத்தை வாங்கினார். சாலிடர் துளி தெறித்து நாலாம் எண்ணுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கண்ணாடி சுருங்கிப்போனபோது நான் கூடவே இருந்தேன். ஒப்பந்தம் முடிந்தது. ஊரில் பெண் பார்த்துவிட்டார்கள். கிளம்புவதற்கு முன் என் மேசையில் உட்கார்ந்து கடிகாரத்தைத் திறந்தார். உள்மூடியைக் கழற்றி என் கையில் வைத்து, "இது உங்ககிட்ட இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. இரண்டு பேருமே வாயில்லாப் பூச்சிகள்.

கடிகாரம் சேர்ப்பவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. போன மாதம் அதில் விழுப்புரத்துக் கடைக்காரர் ஒருவர் ஒரு படம் போட்டார். வெளிர்மஞ்சள் முகப்பு, சிவப்பு எழுத்து, நாலாம் எண்ணுக்குப் பக்கத்தில் சுருங்கிய கண்ணாடி. இதற்கு உள்மூடி யாரிடமாவது உண்டா என்று கீழே கேட்டிருந்தார். கடைக்காரர் கேட்பதாக எனக்குத் தோன்றவில்லை. அவரே கேட்பதாகத் தோன்றியது. தலை முழுக்க நரைத்த பிறகு ஒருத்திக்கு இப்படி முகம் சிவக்கலாமா என்று என்னையே திட்டிக்கொண்டேன். அப்புறம் போய் இரண்டு புதுப் புடவை வாங்கினேன்.

அதில் ஒன்றைக் கட்டிக்கொண்டுதான் முதல் நாள் காலை விழுப்புரத்தில் டீக்கடை முன்னால் நின்றேன். ஈப்போவில் ஒரு கோப்பிக்குச் சொல்லிவிட்டு அரை நாள் உட்கார்ந்திருக்கலாம். இங்கே கிளாஸ் கைக்கு வந்த வேகத்தில் காலியாகிறது, உட்கார நாற்காலியும் கிடையாது. ஆனால் அந்த நாலு மடக்கில் இருந்த ருசியை எங்கள் ஊர் கோப்பி நாள் முழுக்க முயன்றாலும் தராது. பக்கத்தில் இரண்டு ரயில்வேக்காரர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். தினமும் அரைமணி தாமதமாக வருகிற வண்டி இன்றைக்கும் அரைமணி தாமதமாக வந்தால் அது சரியான நேரம்தானே என்பது ஒருவர் கட்சி. மற்றவருக்கு அதைக் கேட்கக் கேட்க ரத்தம் கொதித்தது.

கடை ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. கடைக்காரரை எல்லோரும் பாய் என்றே கூப்பிட்டார்கள். கண்ணில் மாட்டிய லென்ஸைக் கழற்றாமலே என்னை உட்காரச் சொன்னார். படத்தைக் காட்டி, கடிகாரத்துக்குச் சொந்தக்காரரைப் பார்க்க வேண்டும் என்றேன்.

"அது ஆரோக்கியம் சாரோடது மேடம். பொங்கலுக்கு முந்தி தவறிட்டாரு. நெஞ்சுவலி. அவரு சம்சாரந்தான் எடுத்துக்கினு வந்தாங்க, வேகமா ஓடுது, சரி பண்ணிக் குடுங்கன்னு."

அதற்குப் பிறகும் பாய் பேசிக்கொண்டேதான் இருந்தார். நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை. புடவையின் கொசுவம் கலையாமல் அப்படியே இருந்தது. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

மறுபடி காது கேட்கத் தொடங்கியபோது பாய் அவரைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டிருந்தார். "ரொம்பப் பிடிவாதம் மேடம் அவுரு. வருசா வருசம் வருவாரு, காந்தம் எடுத்துக் குடுப்பேன். மோட்டாருக்குக் காயில் கட்டற கடை அவுரது, அங்க போயி உக்காந்தா மறுபடியும் ஏறிக்கும். தகடு வெட்டி வேற மூடி போட்டுத் தர்றேன்னு எத்தினி தபா சொல்லியிருப்பேன். வேணாம்ட்டாரு."

அதற்கு ஒரு அர்த்தம் கற்பிக்க மனம் துடித்தது. அடக்கிக்கொண்டேன். அவர் சிக்கனக்காரர்தான், வேண்டாம் என்பதற்கு அதுவே போதும்.

கடிகாரம் இப்போது எங்கே என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஊர் மாதா கோயில் திருநாள், அங்கே காணிக்கையாக வைக்கப்போகிறார்கள், பூசை முடிந்து ஏலம் விடுவார்கள் என்றார். அந்தக் கோயில் வழக்கத்தில் அதற்கு மேல் பாய்க்குத் தெரியவில்லை. உள்மூடி என் பையில் இருக்கிறது என்று நானும் சொல்லவில்லை. கடைப் படியிறங்கும்போதே முடிவு கட்டிவிட்டேன். மூடியைக் கொடுக்க வந்தேன், வாங்க ஆளில்லை. இனிமேல் கடிகாரம் எனக்கு வேண்டும். இரண்டும் ஒன்றாக என்னிடம் இருக்க வேண்டும்.

மறுநாள் திண்டிவனத்துக்கு பஸ் ஏறினேன். பஸ்ஸின் நெற்றியில் சென்னை என்று எழுதியிருந்தது. திண்டிவனம் போகுமா என்றதற்கு, போகும் ஏறுங்க என்றார் கண்டக்டர். டிக்கெட்டும் கொடுத்தார். பாதி வழியில்தான், "ஊருக்குள்ள போவாது மேடம், பைபாஸ்ல எறங்கிக்குங்க" என்று சாவகாசமாகச் சொன்னார். சண்டை போட்டுப் பார்த்தேன். என் மலேசியத் தமிழை பஸ்ஸே திரும்பிப் பார்த்து ரசித்தது. மேம்பாலத்தடியில் உச்சி வெயிலில் என்னையும் பெட்டியையும் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். அங்கிருந்து ஒரு ஷேர் ஆட்டோ. இரண்டு வெங்காய மூட்டை, கால் கட்டிய சேவலோடு ஒரு அம்மாள், அவர்களுக்கு நடுவே நான். சேவல் என் புடவையில் தன் பங்கைச் செய்து முடித்தது. இரண்டாவது புதுப் புடவையும் அப்படியாக ஒரு வழி ஆகிவிட்டது.

லாட்ஜில் பெட்டியைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் இருந்தன. ஈப்போ கேன்டீனில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றை வாங்கினால் ஆரோக்கியசாமி அதன் மேலே தூவியிருக்கும் நெத்திலியை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு, இது எங்க ஊர் குழம்புக்குக் கால்தூசு பெறாது என்பார். நான் நம்பியதில்லை. இப்போது ஒரு வாய் உருண்டையை அதில் தோய்த்து விழுங்கினேன். அவர் சொன்னது சரிதான். அதைச் சொல்ல எதிரில் ஆள் இல்லையே என்று அடுத்த உருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். குழம்பு காரம் என்று சர்வர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

அவருடைய கடையைக் கண்டுபிடிக்க அதிகம் அலையவில்லை. ஷட்டர் இறக்கியிருந்தது. மேலே பம்புசெட் மோட்டார் காயில் கட்டித் தரப்படும் என்ற எழுத்து வெளுத்திருந்தது. பக்கத்துப் பழக்கடைக்காரரிடம் விசாரித்தேன். முதலில் சிரித்தார். "அவுரு வாட்ச்சுல மணி எப்பவும் முன்னாடிதாம்மா. கல்யாணத்துக்குப் போனா மேளக்காரனுக்கு முந்தி போயி உக்காந்துக்குவாரு. பஸ்ஸு வர்றதுக்கு ஒரு மணி நேரம் முந்தி ரோட்ல நிப்பாரு. எல்லாத்துக்கும் முன்னாடியே பூடுவாரு." சொன்னவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "இதுக்கும் முன்னாடியே பூட்டாரு" என்றார்.

அந்த ஷட்டர் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். அவர் முன்கூட்டியே போய்க் காத்திருந்த நேரத்துக்கெல்லாம் காரணம் என் பையில்தான் இருந்தது. அந்த நேரங்களில் ஒன்றிலாவது பக்கத்தில் நான் நின்றிருக்கக் கூடாதா என்று இருந்தது.

ஞாயிறு காலை ஒலக்கூர் பக்கத்தில் இருந்த அவர்களுடைய கிராமத்துக்கு ஆட்டோ பிடித்துப் போனேன். சின்னக் கோயில், பெரிய பந்தல். பூசை முடிந்ததும் காணிக்கைகளை மாதா சுரூபத்தின் காலடியிலிருந்து எடுத்து வந்து மேசையில் பரப்பினார்கள். பூசணிக்காய், கட்டுக் கட்டாக மெழுகுவர்த்தி, பிள்ளை வரம் கேட்டவர்கள் கொடுத்த குட்டித் தொட்டில், மேசைக்காலில் கட்டிய கிடா. எங்கள் ஊர்க் கோயில்களில் இதையெல்லாம் உண்டியலும் ரசீதுமாக முடித்துவிடுவார்கள். இங்கே பொழுது போவதே தெரியவில்லை. கிடா ஏலத்தில் மாமனும் மச்சானும் ஒருவரையொருவர் விடாமல் ஏற்றிவிட, பந்தலே குலுங்கிச் சிரித்தது.

அப்புறம், ஏலம் விட்டுக்கொண்டிருந்த கோயில் உபதேசியார் கடிகாரத்தைத் தூக்கிக் காட்டினார். கடைசி வரிசையிலிருந்தே எனக்குத் தெரிந்தது. சுடிதார் போட்ட ஒரு பெண் எழுந்து ஒரு சின்னத் தொகை சொன்னாள். சொல்லி வாய் மூடுவதற்குள் உபதேசியார், ஒரு தரம், ரெண்டு தரம் என்று அவசரப்பட்டார். நான் கையை உயர்த்தி அதிகம் கேட்டேன்.

பந்தலில் பேச்சு நின்றது. அந்தப் பெண் திரும்பிப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் ஏற்றினாள். நான் ஒரேயடியாக ஏற்றினேன். ஏலத்தில் தயங்கினால் பொருள் போய்விடும் என்பது சேகரிப்பவர்களின் பாலபாடம். அவள் பக்கத்தில் இருந்த தன் தாயைப் பார்த்தாள், தாய் வேண்டாம் என்று தலையை அசைத்தாள், பெண் உட்கார்ந்துவிட்டாள். உபதேசியார் மூன்றாம் தரத்தை மைக்கில் படாமல் முனகினார். நான் போய் வாங்கிக்கொண்டேன். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பக்கத்து நாற்காலிக்காரிதான் மெல்ல விஷயத்தைச் சொன்னார்.

"வெளியூராம்மா நீங்க? வூட்டுக்காரங்க வெச்ச பொருள அவங்க கேக்கும்போது மத்தவங்க வாயத் தொறக்க மாட்டோம். செத்தவங்க பொருள நேரா புள்ளைங்க கையில குடுக்கக் கூடாதுன்னு மாதா கிட்ட குடுத்துட்டு வெலைக்கு வாங்கிக்குவாங்க. அப்ப அது மாதா குடுத்ததா ஆயிடும். அது ஆரோக்கியம் மவ அமலா. நர்சு. வர்ற வாரம் குவைத்துக்குப் போவுது."

கிடாவுக்கு ஏற்றிவிட்டவர்கள் இதற்கு ஏன் ஏற்றவில்லை என்று யோசிக்காமல் போனேனே என்று உடம்பு கூசியது. நேராக அந்தத் தாயிடம் போனேன். பெயர் பிலோமினா. தெரியாமல் செய்துவிட்டேன், எடுத்துக்கொள்ளுங்கள் என்று கடிகாரத்தை நீட்டினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மாதா கிட்டருந்து வெலைக்கு வாங்குனது உங்களுது அக்கா. சும்மா குடுத்தா வாங்கிக்க மாட்டோம்." குரலில் கோபமே இல்லை. "திருநாளும் அதுவுமா பசியோட போவாதீங்க. வாங்க."

அவருடைய வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டேன். சுவரில் ஆரோக்கியசாமியின் படம். மாலைக்கு உள்ளே கொஞ்சம் பருத்திருந்தார். மாடியில் மல்லாட்டை என்று அவர்கள் சொல்லும் வேர்க்கடலை காய்ந்துகொண்டிருந்தது, வீடு முழுக்க அதன் மண்வாசனை. ஈப்போவிலிருந்து வருகிறேன், அவர் வேலை பார்த்த மருத்துவமனையில்தான் நானும் இருந்தேன், பழைய கடிகாரம் சேர்ப்பேன் என்று சொன்னேன். பொய் இல்லை, முழுசும் இல்லை. பிலோமினா இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

குவைத்துக்குப் புதுக் கடிகாரம் வாங்கிக்கொள்ளக் கூடாதா என்று அமலாவைக் கேட்டேன். "செகண்ட் முள்ளு இருந்தாதான் ஆன்ட்டி நாடி எண்ண வசதி. வேற வாங்கலாந்தான், ஆனா அப்பாவோடது கட்டிக்கினு போவணும்னு ஆச. இப்ப இது ஓடற ஓட்டத்துல எண்ணினா ஜுரம் அடிக்கறவங்களுக்கும் நாடி கம்மியாத்தான் வரும். பாய் காந்தம் எடுத்துக் குடுத்தாரு, மறுபடியும் ஏறிக்கிச்சு. உள்மூடி கெடச்சா சரியாயிடும்னாரு, எங்கியும் கெடைக்கல" என்று சொல்லிச் சிரித்தாள். சிரிக்கும்போது இடது கன்னம் மட்டும் ஒதுங்கியது. அது அவருடைய சிரிப்பு. நான் கைப்பையை மடியைவிட்டு இறக்கவில்லை. கை கழுவ எழுந்தபோதும் தோளில் மாட்டிக்கொண்டே போனேன்.

அன்று சாயங்காலம் லாட்ஜ் கட்டிலில் இரண்டும் என் முன்னால் இருந்தன. ஒரு பக்கம் கடிகாரம், ஒரு பக்கம் மூடி. இத்தனை வருடம் எதற்காக ஏங்கினேனோ அது கைக்கெட்டும் தூரத்தில். திறந்து பொருத்துவதற்கான கருவியும் பெட்டியில் உண்டு. ஏனோ கை வரவில்லை. கடிகாரத்துக்கு மட்டும் சாவி கொடுத்து, போனைப் பார்த்து நேரம் வைத்து, கையில் கட்டிக்கொண்டு படுத்தேன். காலையில் விழித்துப் பார்த்தால் போனில் மணி ஐந்தரை, கடிகாரத்தில் ஏழு. நான் கண் திறப்பதற்குள் அவர் எங்கேயோ போய்விட்டிருந்தார். அப்போதுதான் அழுதேன். சத்தமாகவே அழுதேன், பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டி என்னம்மா என்று கேட்கும்படி.

முகம் கழுவிக்கொண்டு அமலாவுக்குப் போன் செய்தேன். அம்மாவை அழைத்துக்கொண்டு பாய் கடைக்கு வா, கடிகாரத்தை உனக்கே விற்கிறேன், விலையாக வீட்டில் இருப்பதில் எதையாவது கொண்டுவரச் சொல் என்றேன்.

இந்தத் தடவை கண்டக்டரிடம் விழுப்புரம் பேருந்து நிலையத்துக்கு உள்ளே போகுமா என்று மூன்று விதமாகக் கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினேன். பாய் கடிகாரத்தை நீலப் பெட்டி ஒன்றின் மேல் வைத்து, விசையை அழுத்தியபடியே மெதுவாக விலக்கிக் காந்தத்தை எடுத்தார். பின்மூடியைத் திறந்தார். நான் தைல டப்பாவை எடுத்து, துணியைப் பிரித்து, உள்மூடியை அவர் கையில் வைத்தேன். பாய் என்னைப் பார்த்தார். அதை இயந்திரத்தின் மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். டக் என்று உட்கார்ந்தது.

பிலோமினா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பாய் பின்மூடியைப் பூட்டி, அமலா கையில் கட்டிவிட்டார். அமலா கடைச் சுவரில் இருந்த கடிகாரத்தோடு முள்ளை ஒப்பிட்டுக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"அந்த மூடி எப்டிக்கா உங்க கைக்கு வந்துச்சு?" என்றார் பிலோமினா.

"அவர் கொடுத்தார்" என்றேன்.

பிலோமினா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். தெருவைப் பார்த்துக்கொண்டுதான் பேசினார்.

"எத தொலைச்சாலும் வூட்டையே கவுத்துப்போட்டுத் தேடற மனுசன் அவுரு. ஒரு ஸ்க்ரூ காணலன்னாலும் யாரையும் தூங்க உட மாட்டாரு. மூடி எங்கேன்னா தொலைஞ்சிடுச்சும்பாரு. ஆனா ஒரு நாளும் அதத் தேடல. நானும் அதுக்கு மேல கேட்டுக்கல."

துணிப்பை ஒன்றை என் மடியில் வைத்தார். ஒரு படி மல்லாட்டை. "வாட்ச்சுக்கு" என்றார். போதுமா என்று பார்வையால் கேட்டார். போதும் என்றேன். காலையில் சாப்பிட்டீர்களா என்று அடுத்த கேள்வி கேட்டார். இல்லை என்றதும் மூன்று பேருமாக இட்லி சாப்பிடப் போனோம். அமலா என் தட்டில் வடையை எடுத்து வைத்தாள்.

ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பழக்க தோஷத்தில் கை பைக்குள் போய் டப்பாவைத் தேடியது. திறந்தேன். சுற்றியிருந்த துணி மட்டும் கிடந்தது. அதற்குள் ஒரு மல்லாட்டையை வைத்து மூடிவிட்டு, மற்றதை உரித்துத் தின்னத் தொடங்கினேன். திண்டிவனம் வந்தது, போனது. எதிர் இருக்கை அம்மாள் என்னம்மா தனியாகச் சிரிக்கிறீர்கள் என்று கேட்டார். அவருக்கும் ஒரு பிடி அள்ளிக் கொடுத்தேன்.

ஒரு நாளும் தேடவில்லையாம்.